நீலமாகப் பூத்ததெல்லாம் நீலக்குறிஞ்சியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைச்சரிவு முழுக்க ஊதாப்பூ பூத்துக் கிடக்கும் படம் ஒன்றைப் போட்டு, கீழே ‘12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி’ என்று எழுதிவிடுவது நம் பத்திரிகைகளில் ஏறக்குறைய வருடா வருடம் நடக்கிறது. வருடா வருடம் பூத்தால் அது எப்படி 12 ஆண்டுக்கு ஒருமுறை ஆகும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. மூணாறு, பழனி மலை, நீலகிரிப் பக்கம் பெரிய அளவில் பூத்தது 2006-இல், அப்புறம் 2018-இல். அடுத்தது 2030. நடுவில் ஏதோ ஒரு சரிவில் ஒரு கூட்டம் மட்டும் முன்பின்னாகப் பூப்பதும் உண்டுதான், ஆனால் நீங்கள் படம் போடுபவற்றில் பல அதே பேரினத்தைச் சேர்ந்த வேறு குறிஞ்சிகளாகத்தான் இருக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் அவை ஏகப்பட்டது. ஆண்டுதோறும் பூப்பவை இருக்கின்றன, மகாராஷ்டிரத்துக் கார்வி போல 8 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பவையும் இருக்கின்றன.

நிறத்தை நம்பவே கூடாது. வெளிர்நீலம், ஊதா, வாடும்போது இன்னொரு சாயல், அதற்கு மேல் கைபேசி கேமரா தன் பங்குக்கு ஏற்றிக் காட்டும் நிறம் வேறு. முதலில் இலையைப் பாருங்கள். நீலக்குறிஞ்சியின் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும், தடித்திருக்கும், ஓரம் பல்பல்லாக வெட்டியிருக்கும், திருப்பிப் பார்த்தால் நரம்புகள் புடைத்துத் தெரியும். வீட்டுத் தோட்டத்து டிசம்பர் பூவும் இதே குடும்பம்தான், நிறமும் கிட்டத்தட்ட இதேதான், ஆனால் அதன் இலை ஓரத்தில் பல் கிடையாது. இந்த ஒரு அடையாளமே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

மீதிக் குழப்பம் தீர்வது பூவடிச்செதிலில். ஒவ்வொரு பூவுக்கும் அடியில் இருக்கும் சின்ன இலை போன்ற உறுப்பு அது. காகிதப்பூவில் நாம் பூ என்று நினைத்து ரசிப்பதே அதைத்தான். கனகாம்பரக் கதிரைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: பச்சைச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்க, இடுக்கிலிருந்து பூ எட்டிப் பார்க்கும். கனகாம்பரமும் குறிஞ்சிக்கு உறவுதான். குறிஞ்சி வகைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பதில் இந்தச் செதிலுக்குப் பெரிய பங்கு. அதன் வடிவம் என்ன, நுனி கூரா மழுங்கலா, மேலே ரோமம் இருக்கிறதா, கதிரில் நெருக்கமா தளர்வா என்று பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இதில் ஒன்றுகூடத் தெரியாது.

பூவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மணி மாதிரிக் குழல், விளிம்பில் ஐந்து மடல், இது பல வகைகளுக்கும் பொது. அதைவிட எங்கே நிற்கிறது என்பது உதவும். நீலக்குறிஞ்சி பெரும்பாலும் 1,300 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், திறந்த புல்வெளியில் வளரும் குட்டைப் புதர். சோலைக்குள் நிழலில் ஆளுயரத்துக்கு நிற்பதைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

இதற்காக யாரும் கிளையை ஒடித்துக்கொண்டு வர வேண்டாம். அந்தச் செடி வாழ்நாளில் ஒரே முறை பூத்து, விதைத்து, பட்டுப்போகிறது. ஒடித்தால் அந்த விதையும் போச்சு. போதாக்குறைக்கு 2022-இல் திருத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நீலக்குறிஞ்சியும் பாதுகாக்கப்பட்ட தாவரம். படம் போதும்: இலையின் முன்பக்கம், பின்பக்கம், கதிரைப் பக்கவாட்டில் கிட்டே வைத்து ஒன்று, முழுச்செடி ஒன்று. உங்கள் நிருபர்களிடமும் இதையே கேளுங்கள். அந்தப் படங்களைத் தாவரவியல் துறையில் யாரிடமாவது காட்டிவிட்டுப் பெயரைப் போடலாம். அதற்கு நேரமில்லை என்றால் ‘குறிஞ்சி வகைகளில் ஒன்று’ என்று எழுதுங்கள், 12 ஆண்டுக் கணக்கை விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்