டிட்லிஸைப் பேந்து பாப்பம், முதல்ல எங்கட கிளாருசுக்கு வாங்கோ

அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், அதுபோல நீங்களும் அம்மாவும் பிள்ளையளும் சுகமா இருக்க நல்லூரானை வேண்டுறன். வட்சப்பில வொய்ஸ் போட்டால் காணும்தானே, என்னத்துக்கு இவன் கடிதம் எழுதுறான் எண்டு நினைப்பியள். வொய்ஸ் எண்டால் அம்மா ஒருக்காக் கேட்டிட்டு விட்டிடுவா, கடிதமெண்டால் தலகாணிக்குக் கீழ வைச்சு நாலஞ்சு தரம் எடுப்பிச்சு வாசிக்கச் சொல்லுவா, அதுதான் இண்டைக்கு லீவு நாளில ஆற அமர இருந்து எழுதுறன். அம்மாவுக்குக் கேக்கிற மாதிரி உரத்து வாசியுங்கோ அக்கா.

விசயம் என்னெண்டால், போன ஞாயிறு ரெலிபோனில அத்தான், சுவிஸுக்கு வந்தால் பாக்கவேண்டிய இடங்களெண்டு லிஸ்ற் ஒண்டு சொன்னவரெல்லோ, டிட்லிஸ், இன்ரலாக்கன், லூட்சேர்ன், யுங்ஃபிராவ் எண்டு எல்லாம் சொல்லிப்போட்டுக் கடைசியா "உன்ர வீட்டில ரெண்டு நாள் நிண்டாக் காணும்தானே" எண்டவர். அத்தானில எனக்கு ஒரு கோவமுமில்லை, யூரியூப்பில எல்லாரும் அதைத்தானே காட்டினம், ஆனா அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. இஞ்சை வந்து 19 வருசமாச்சு, எங்கட வீட்டு ஆக்கள் ஒருத்தரும் நான் இருக்கிற இடத்தை இன்னும் வந்து பாக்கேல்லை, வந்தாலும் ரெண்டே நாள் எண்டால் எப்பிடி. அந்த இடங்கள் வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்லை, ஆனா சனம் குவிஞ்சு நிண்டு போட்டோ எடுத்திட்டுப் போற இடங்கள். நீங்கள் நிண்டு பாக்க வேண்டியது எங்கட ஊர் கிளாருஸை.

சூரிச்சில இருந்து நேர ரெயின் இருக்கு, ஒரு மணித்தியாலம் வரும். ஏறினவுடன இடப்பக்க யன்னல்கரையில இருங்கோ, கன தூரத்துக்கு ஏரிக்கரையோடதான் ஓடும், பேந்து சீகல்புறுக்கை எண்ட இடத்தில ரெயின் பள்ளத்தாக்குக்குள்ள திரும்பும், அதுக்குப் பிறகு ரெண்டு பக்கமும் மலை கிட்டக் கிட்ட வந்துகொண்டே இருக்கும். கிளாருஸில இறங்கி நிமிந்து பாத்தால் கிளேர்னிஷ் மலை நிக்கும். ஊர் கடல்மட்டத்தில இருந்து 470 மீட்டர்தான், மலையின்ர உச்சி 2,914 மீட்டர், அவ்வளவும் ஒரே சுவர் மாதிரி. எங்கட பக்கத்தில உயரமெண்டால் பனையும் கோயில் கோபுரமும்தானே, அதைப் பாத்து வளந்த கண்ணுக்கு முதல் நாள் மூச்சு முட்டின மாதிரி இருந்தது, இது எப்ப என்ர மேல விழும் எண்டு. இப்ப சூரிச்சுக்குப் போய் நிண்டால் அந்தச் சுவர் இல்லாமல் முதுகு வெறுமையா இருக்கு. அது மேல ஒரு பனித்தட்டு தெரியும், அதுக்குப் பேர் வ்ரேனிலியின்ர தோட்டம். வ்ரேனிலி எண்டொரு பெட்டை அந்த உச்சியில தோட்டம் செய்யப்போறன் எண்டு அடம்பிடிச்சு, பெரிய செப்புக் கிடாரத்தைத் தலையில கவிட்டுக்கொண்டு ஏறினவளாம், பனி கொட்டக் கொட்டக் கிடாரம் பாரம் ஏறி அங்கயே புதைஞ்சு போனாள் எண்டு கதை. சின்னவன் இதை இருபது தரம் கேட்டிருப்பான், நீங்கள் வந்தால் உங்களுக்கும் சொல்லுவான்.

இஞ்சை ஃபோன் எண்டொரு காத்து இருக்கு அக்கா. மலைக்கு அங்கால தெற்கில இருந்து ஏறி, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கம் விட்டிட்டு, இஞ்சால காஞ்சு சூடா இறங்கும். எங்கட சோளகம் மாதிரி ஹோ எண்டு சத்தம், ஆனா மாரியில கூடச் சூடு, தலையிடி வரும். 1861 மே 10ந் திகதி இரவு அந்தக் காத்து அடிக்கேக்கை ஊருக்குள்ள நெருப்புப் பிடிச்சு, ஒரு இரவில கிட்டத்தட்ட 600 கட்டடம் எரிஞ்சு போச்சுது. நான் வந்த புதிசில எனக்கு இது தெரியாது, ஏன் இந்த ரோட்டெல்லாம் அடிமட்டம் வைச்சுக் கீறின மாதிரி நேரா இருக்கு எண்டு நான் வேலை செய்யிற வயோதிபர் இல்லத்தில ஒரு கிழவியிட்டக் கேட்டனான். அவதான் சொன்னவ, எரிஞ்ச பிறகு புதுசாக் கீறிக் கட்டின ஊர், சுவிஸ் முழுக்கலயும் இருந்து காசு சேத்து அனுப்பினவை எண்டு. சொல்லேக்கை அவவின்ர குரல் தழுதழுத்தது, அவ பிறக்க எவ்வளவோ முன்னம் நடந்த விசயம். எனக்கு உடன எங்கட யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சதுதான் ஞாபகம் வந்தது, 1981, அதுவும் மே கடைசி இரவுதானே, ஐயா சைக்கிளில போய்ப் பாத்திட்டு வந்து அண்டு முழுக்க ஒண்டும் வாயில வைக்கேல்லை எண்டு அம்மா சொல்லுறவ. எனக்கு அப்ப இருந்த அரைகுறை ஜேர்மனில கிழவிக்கு அதைச் சொன்னன். அவ ஒண்டும் கதைக்கேல்லை, என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தவ. அண்டைக்குத்தான் இந்த ஊரோட எனக்கு ஒரு ஒட்டு வந்தது.

அம்மாவுக்கு ஒரு விசயம் சொல்லவேணும். இஞ்சை சிகர் எண்டொரு சீஸ் இருக்கு, பச்சை நிறம், சின்னக் கூம்பு மாதிரி, கல்லு மாதிரி இறுகினது. ஆடை எடுத்த பாலில செய்யிறது, அதுக்குள்ள ஒரு இலையைக் காயவைச்சு இடிச்சுப் போடுவினம், நீலப் பூப் பூக்கிற செடி, எங்கட வெந்தயத்தின்ர சொந்தச் சகோதரம். முதன்முதல் இல்லத்துக் குசினியில சுடச்சுட நூடில்ஸுக்கு மேல அதைத் துருவேக்கை ஆவியோட வந்த வாசம் இருக்கே, அம்மா வெந்தயக் குழம்புக்கு வறுக்கிற வாசம் அப்பிடியே. கையில துருவலோட நிண்டனான், அழுகை வந்திட்டுது, வெங்காயம் எண்டு சொல்லிச் சமாளிச்சனான். 1463ம் ஆண்டே இதை எப்பிடிச் செய்யவேணும் எண்டு ஊர்ச்சபை கூடிச் சட்டம் போட்டதாம். இஞ்சத்தை ஆக்கள் பட்டரோட குழைச்சுப் பாணில பூசுவினம், என்ர மனுசி கோதம்ப ரொட்டிக்குப் பூசித் தருவா, அம்மாவுக்குப் பிடிக்கும் எண்டு எனக்கு நல்லாத் தெரியும்.

இன்னொண்டு, நீங்கள் சாறி விசயத்தில கெட்டிக்காரி எண்டபடியால் சொல்லுறன். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஒரு காலம் துணிக்கு அச்சடிக்கிற பக்டரியள், இந்தோனேசியாப் பக்கத்து பத்திக் துணியைப் பாத்து இஞ்சை அச்சடிச்சு அங்கயே கப்பல்ல அனுப்பி வித்தவை. இப்பவும் கிளாருஸ் துணி எண்டு ஒரு சிவப்பு லேஞ்சி இருக்கு, எல்லாரும் கழுத்தில கட்டுவினம், அதில இருக்கிற டிசைன் என்ன தெரியுமோ, உங்கட கூறைச்சாறி போர்டரில இருக்கே மாங்காய், அதேதான்! மாமரத்தைக் கண்ணால காணாத ஊர். பக்கத்து எனெண்டாவில அந்தத் துணியளைத் தொங்கவிட்டுக் காயவைச்ச மரக் கோபுரம் ஒண்டு இன்னும் நிக்குது, அதுக்குள்ள இப்ப ஒரு மியூசியம்.

அந்த மியூசியம் அன்னா கோல்டி எண்ட ஒரு வேலைக்காரப் பெண்ணுக்கு. வேற ஊரில இருந்து பிழைக்க வந்து ஒரு வைத்தியர் வீட்டில வேலை செய்தவ, அந்த வீட்டுப் பிள்ளையின்ர பாலுக்குள்ள குண்டூசி கிடந்தது, இவதான் சூனியம் செய்தவ எண்டு சித்திரவதை செய்து ஒத்துக்கொள்ள வைச்சு 1782ல தலையை வெட்டிப்போட்டினம். 2008ல மாநில அரசு அவ நிரபராதி எண்டு அறிவிச்சது. இப்ப கோர்ட்டுக் கட்டடத்தின்ர மேல் யன்னலில ரெண்டு லைற் இரவு பகலா எரியுது, அவவின்ர ஞாபகமா. நான் நைற் வேலை முடிஞ்சு வரேக்கை அதைப் பாத்திட்டுத்தான் வாறனான். பிழை செய்திட்டம் எண்டு 226 வருசம் கழிச்செண்டாலும் சொன்னவை எண்டதில எனக்குப் பெரிய மதிப்பு இருக்கு.

மே முதல் ஞாயிறு நீங்கள் இருக்கமாட்டியள், அதுதான் எனக்குக் கவலை. அண்டைக்கு ஊர் மைதானத்தில வட்டமாப் பலகைத் தட்டு அடிச்சு, வாக்குரிமை உள்ள எல்லாரும் வெட்டவெளியில கூடி நிண்டு கையை உயர்த்திச் சட்டம் போடுவினம். இப்ப சுவிஸில இதுவும் அப்பன்செல் பக்கம் ஒண்டும்தான் மிச்சம். ஆரும் மேடையேறிக் கதைக்கலாம். 1864ல பக்டரியில ஒரு நாளைக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, இரவு வேலையும் கூடாது எண்டு இப்பிடிக் கையை உயர்த்தித்தான் முடிவெடுத்தவை. 2006ல அரசாங்கம் 25 பிரதேச சபையைப் பத்தாக் குறைப்பம் எண்டு வர, சாதாரண ஒரு ஆள் எழும்பி இல்லை மூண்டு காணும் எண்டார், சனம் அதுக்குக் கையை உயர்த்திட்டுது, இப்ப மூண்டுதான். கன வருசமா நான் கயிறுக்கு வெளியில நிண்டு பாத்தனான், மூத்தவள் மற்றப் பிள்ளையளோட நடுவில தலைவரின்ர காலடியில போய்க் குந்தியிருப்பாள், அது பிள்ளையளுக்கெண்ட இடம். போன வருசம் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் வந்து முதன்முதல் வாக்குக் காட்டோட உள்ள போனன். கையை உயர்த்தேக்கை நடுங்கினது அக்கா. என்ர கையையும் சேத்துக் கணக்கில எடுக்கினம் எண்டது, எங்கட காலத்தில ஊரில வளந்த ஆக்களுக்கு எவ்வளவு பெரிசு எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பேந்து எல்லாரும் கண்டுக்குட்டி இறைச்சிச் சொசேஜ் சாப்பிடப் போவினம், அது எங்களுக்குச் சரிவராது, நாங்கள் வீட்டை வந்து புட்டும் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பும்.

இனித் திகதி விசயம். ஆடி ஆவணியில வந்தால் நல்லூர்க் கொடியேத்தம், அம்மா அசையமாட்டா. தீர்த்தம் முடிஞ்ச கையோட வெளிக்கிடுங்கோ, செப்டம்பர் கடைசி இஞ்சை நல்ல நேரம், மேய்ச்சலுக்குப் போன மாடுகளுக்குப் பூக்கட்டி மணி கட்டி மலையால இறக்குற காலம். ஆனா நான் அந்த நேரம் சொல்லுறதுக்குக் காரணம் எல்ம். பள்ளத்தாக்கின்ர கடைசியில ஒரு குட்டி ஊர், பஸ் போகும். அங்க மலை உச்சியில கிட்டத்தட்ட 20 மீட்டர் ஓட்டை ஒண்டு, தென்னை உயரம், மலையைத் துளைச்சுக்கொண்டு அங்கால வானம் தெரியும். வருசத்தில ரெண்டு தரம், மார்ச் நடுப்பகுதியிலயும் செப்டம்பர் முடிஞ்சு ஒக்டோபர் பிறக்கிற நாளிலயும், காலமை சூரியன் அந்த ஓட்டைக்குப் பின்னால வந்து, அதுக்குள்ளால ஒரு கதிர் கீழ இருக்கிற வேதக்கோயிலில வந்து விழும். கொஞ்ச நிமிசம்தான். ஊரெல்லாம் இன்னும் நிழல், கோயில் மட்டும் வெளிச்சம். முகில் இருந்தால் இல்லை, நான் மூண்டு தரம் போய் ஒருக்காத்தான் கண்டனான், அந்த ஒருக்காவும் உங்களையும் அம்மாவையும்தான் நினைச்சனான்.

அதே எல்மில சிலேற்றுக் கல்லு வெட்டினவை, பள்ளிக்கூடப் பிள்ளையள் எழுதுற சிலேற்றுக்கு. ஐயா வாங்கித் தந்த மரச்சட்டம் போட்ட சிலேற் ஞாபகமோ, எச்சில் தொட்டு அழிச்சு நீங்கள் எனக்கு அடி விட்டது? அந்தச் சிலேற்றுக்காக மலையின்ர அடியைக் குடைஞ்சு குடைஞ்சு 1881ல மலையே சரிஞ்சு 110 பேருக்கு மேல செத்தவை. நீங்கள் ரீச்சர், அந்த இடத்தை நீங்கள் பாக்கவேணும்.

அம்மாவின்ர முழங்காலுக்குப் பயப்பிடாதைங்கோ. பிறவுன்வால்ட் எண்ட மலை ஊருக்கு 1907ல இருந்து கயிறு இழுக்கிற ரெயின் ஓடுது, மேல கார் ஒண்டும் இல்லை, வாங்கில இருந்து பாத்துக்கொண்டிருக்கலாம். குளோன்தால் ஏரிக்கும் பஸ்சில போகலாம், காத்தில்லாத காலமையில மலை தலைகீழாத் தண்ணிக்குள்ள கிடக்கும். வெள்ளிக்கிழமை கோயிலெண்டால் அட்லிஸ்வில் முருகனிட்டக் கூட்டிக்கொண்டு போறன். அத்தானுக்கு டிட்லிஸும் காட்டுவன், ஒரு நாள் அதுக்கு, மிச்சம் எங்களுக்கு.

வரேக்கை ஒடியல் மாவும் பினாட்டும் வீட்டு மிளகாய்த்தூளும் காணும், சட்டை துணி வாங்கி அடுக்காதைங்கோ. எல்லாருக்கும் மொத்தச் சப்பாத்தும் ஜக்கற்றும் இஞ்சை இருக்கு, அம்மாவின்ர கால் அளவை மட்டும் பேப்பரில கீறிப் போட்டோ எடுத்து அனுப்புங்கோ. இன்விற்றேசன் லெற்றரில நான் செப்டம்பர் 24 எண்டு போடட்டோ? அத்தானிட்டக் கேட்டு இந்தக் கிழமைக்குள்ள சொல்லுங்கோ, எம்பசி அப்பொயின்மென்ற் எடுக்கிறது இப்ப கொஞ்சம் சிரமமாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி