கீழக்காட்ட விக்க வேண்டாம்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்க போட்ட லெட்டர் வந்துட்டு. போன்ல பேசுனாலும் ஒங்க கையெழுத்த பாத்ததும் ஒரு மாதிரி ஆயிட்டு, ரெண்டு மூணு தடவ படிச்சேன். நான்தான் ரொம்ப நாளா ஒண்ணும் எழுதல. இங்க ஆஸ்திரேலியாவுல நல்லா இருக்கேன், ஒர்க்‌ஷாப்புல வேல இருந்துக்கிட்டேதான் இருக்கு. இந்த மாசம் பணம் கொஞ்சம் பிந்தி வரும், பேங்குல ஏதோ பேப்பர் கேக்காவ, வேற ஒண்ணும் இல்ல. அம்மாட்ட கூழ்வத்தல் தீந்துட்டுன்னு சொல்லுங்க. ஆடி மாசம் இங்க குளிர்காலம்லா, ராத்திரி நல்லா குளிருது, சூடா சாப்பிடணும்னு கூட்டாஞ்சோறு ஆக்கிப் பாத்தேன், முருங்கக்கீர இல்லாம என்ன கூட்டாஞ்சோறு. டவுன்ஸ்வில்லுக்கு போனாத்தான் கெடைக்கும், நான் இருக்க ஹியூயெண்டன்ல இருந்து அது 400 கிலோமீட்டர் கிட்ட.

நான் சொன்னேன்லா, மாட்டுப் பண்ணை வச்சிருக்க பெரியவரு, ஞாயித்துக்கெழம அவரு எடத்துக்குத்தான் போறது. ரூம்ல சும்மா இருந்தா பொழுது போகமாட்டேங்கு. தனியாத்தான் இருக்காரு. தெனமும் காலைல எந்திச்சு முற்றத்துல இருக்க மழ அளக்குற குழாய போயி பாத்துட்டு வந்து நோட்டுல எழுதுவாரு, மழையே இல்லாத மாசத்துலயும் சைபர்னு எழுதுவாரு. ஒங்க ஊருல எம்புட்டு மழைன்னு என்ட்ட கேட்டுக்கிட்டே இருக்காரு.

அவருட்ட பழைய செயின் டோசர் ஒண்ணு இருக்கு, முன்னால சீப்பு மாதிரி பல்லு வச்ச ரேக்கு. அதோட ஹைட்ராலிக் ஹோஸ் ஒழுகுனத நான் மாத்திக் குடுத்தேன், அதுல இருந்து காடு அழிக்க என்னையும் ஓட்டச் சொல்லுதாரு. மொத நாளு போயி பாத்தா எல்லாம் நம்ம நாட்டுக் கருவேலம்பா! அதே மஞ்ச உருண்டப் பூ, வெள்ள முள்ளு, மணி கோத்தாப்ல நெத்து. 1890-கள்ல நிழலுக்கும் தீவனத்துக்கும்னு இந்தியாவுல இருந்துதான் இங்க கொண்டாந்துருக்காவ, இப்ப குயின்ஸ்லாந்துல 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல பரவி புல்லயே அழிச்சுட்டு. அவருக்கு அது எமன். எனக்கு மொத மரத்த தள்ளும்போது கை வரல. ஆச்சி தொரட்டியால நெத்து உலுக்கி ஆட்டுக்கு போடுவாள்லா, அந்த நெனப்பு வந்துட்டு, வண்டிய ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். கோயில் கொடைக்கு எப்படியாவது வரணும்னுதான் இருக்கேன், பாப்போம்.

சரி, கீழக்காட்டு விசயத்துக்கு வாரேன். நம்ம நெலம் சீமக்கருவேலம் மண்டி ஒடங்காடா போச்சு, சோலார்க்காரனுக்கு குடுத்துருவோம்னு சித்தப்பா சொல்லுதாவன்னு எழுதிருக்கிய. வேண்டாம்பா. விறகு வியாபாரிட்டயும் விடாதிய, அவன் மேலாப்ல மட்டும் வெட்டி ஏத்திட்டு போயிருவான், தூரு கெடக்கும், ஒரு மழ பெஞ்சா ஒண்ணுக்கு பத்தா தழச்சு வரும். சீமக்கருவேலத்த தூரோட எடுத்தாத்தான் உண்டு. வாடகை வண்டிக்காரன் மணிக்கணக்கு பாப்பான், மேலால வழிச்சுட்டு போயிருவான், நல்ல மேல்மண்ணும் அதோட போயிரும். மச்சான் வாங்கிப் போட்ட ஜேசிபி நம்ம தொழுவு பக்கத்துல சும்மாதான நிக்கி. பம்பு போச்சுன்னு மெக்கானிக் சொன்னது எனக்கு நம்பிக்கையில்ல, முதல்ல ஃபில்டரயும் ஹோஸயும் பாக்கச் சொல்லுங்க, வீடியோ கால்ல நான் சொல்லிக் குடுக்கேன். சொந்த வண்டின்னா ஒவ்வொரு தூரா பக்கெட்ட கீழ விட்டு ஒரு முழத்துக்கு தோண்டி நெம்பி எடுக்கலாம், யாரும் அவசரப்படுத்த மாட்டாவ. தூரு வெறகு கரிமூட்டத்துக்கு போகும், டீசலுக்கு அது ஆவும்.

வண்டி எறங்குறதுக்கு முன்னால நீங்க நிக்கணும். வடமேக்கு மூலையில தாத்தா வெட்டுன, சுத்துச் சுவரு இல்லாத தரக்கிணறு முள்ளுக்குள்ள மூடிக் கெடக்கு, ஒங்களுக்கு மட்டுந்தான் எடம் தெரியும். சுத்தி கம்பு நட்டு செகப்புத் துணி கட்டிட்டுதான் மச்சான உள்ள விடணும். சர்வேயர வச்சு எல்லக் கல்லும் பாத்துருங்க.

இன்னொண்ணு, எல்லாம் எடுத்தப்புறம் ராத்திரி ஆட்ட அடைக்க கெட போட விடாதிய. எருவுக்கு நல்லதுன்னு ஒங்களுக்கு ஆச இருக்கும், ஆனா நெத்து தின்ன ஆட்டோட புழுக்கையில கொட்ட அப்படியே வருது, திரும்பவும் மொளச்சுரும். இங்க பெரியவரு நெத்து தின்ன மாட்ட ஒரு வாரம் தனியா அடச்சு வச்சுத்தான் சுத்தமான எடத்துக்கு ஓட்டுதாரு. ஐப்பசி மழைக்கு மொளைக்குற கன்னுகள ஈரத்துலயே கையால புடுங்கிரணும், ரெண்டு மூணு வருசத்துக்கு விடாம பாக்கணும்.

சித்தப்பா பங்குக்கு என்ன வெல சொல்லுதாவன்னு மட்டும் கேட்டு வைங்க, நான் ஞாயித்துக்கெழம அவியளுக்கு போன் போடுதேன். அதுவரைக்கும் யார்ட்டயும் அட்வான்ஸ் வாங்க வேண்டாம், பத்திரம் அம்மா பெட்டியிலயே இருக்கட்டும். தங்கச்சி வளைகாப்பு தேதி வச்சாச்சுன்னா எழுதுங்க. பிரஷர் மாத்திரைய விட்டுராதிய.

ஒங்க சின்னவன்