இரவல் போன அண்ணனைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

வணக்கம். ஒவ்வொருவருக்கும் தனியாகப் போன் எடுத்து நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் உங்களில் பலர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பாரிஸில் இருக்கும் என் பெறாமகனுக்கு இங்கே நூலகத்தில் உதவிய பிள்ளையைத் தெரியாது. அந்தப் பிள்ளைக்குப் படத்தை முதலில் கவனித்த பெரியவரைத் தெரியாது. அவரவர் செய்த கொஞ்சம் மட்டும்தான் அவரவருக்குத் தெரியும். எல்லாம் சேர்ந்து என்ன ஆனது என்று முழுதாகச் சொல்லவே இந்த மடல். தமிழ் தெரியாதவர்களுக்கு நானே வாசித்துச் சொல்வேன். இது நான் பராமரிக்கும் ஓர் அம்மாவின் கதை. அவருடைய மகளிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகே எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்றார். அதனால் குடும்பத்துப் பெயர் எதுவும் இதில் இல்லை.

நான் கனடாவில் ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். அங்கே 90 வயதில் ஓர் அம்மா. மானிட்டோபாவில் கோதுமைப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர். தினமும் காலையில் தலை வாரிவிடும்போது எதிரே அலமாரியில் இருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். படத்தில் அவருடைய அண்ணன், இராணுவ உடுப்பில். 22 வயது. 1944 ஜூலையில் பிரான்ஸின் நோர்மண்டியில், போரில் இறந்துபோனார். அப்போது இந்த அம்மாவுக்கு 9 வயது. அண்ணன் சைக்கிளின் முன்தண்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதை மட்டும் நூறு தடவை சொல்லியிருப்பார்.

1994-இல், படைகள் நோர்மண்டியில் இறங்கி 50 வருடம் ஆனபோது, அவரும் கணவரும் காசு சேர்த்து அங்கே போயிருக்கிறார்கள். பெனி-சூர்-மேர் என்ற இடத்தில் கனடாக்காரர்களின் போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 2,000-க்கும் மேல் கற்கள். வாசலில் இருந்த பதிவேட்டில் அண்ணன் பெயர் இல்லை. இருந்தாலும் மனம் கேட்காமல் வரிசை வரிசையாக நடந்து பார்த்தார்களாம். அடுத்த நாள் பிரெட்வில்-சூர்-லேஸ். அதுவும் கனடாக்காரர்களின் கல்லறைத் தோட்டம்தான், இன்னும் பெரியது. அங்கேயும் இல்லை. வீட்டுக் கடிதங்கள் எல்லாம் பண்ணை வீடு எரிந்த வருடமே போய்விட்டன. கேட்பதற்குப் பெற்றோரும் இல்லை. உடல் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு 30 வருடம் அப்படியே போய்விட்டது.

முன்னாள் படைவீரர் சங்கமான லீஜனின் கிளையிலிருந்து, நவம்பர் 11 நினைவு நாளுக்கு முன்னால் சிவப்புப் பொப்பிப் பூ குத்திவிட வந்த ஐயா, முதல் நன்றி உங்களுக்கு. நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். வரிசையில் இன்னும் பத்து அறை காத்திருந்தது. நீங்களோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனீர்கள். "தோளில் கனடா என்று இருக்கிறது. ஆனால் தொப்பியில் இருக்கிறது நம்முடைய ரெஜிமென்ட் சின்னம் இல்லை. இது இங்கிலாந்துக்காரன் சின்னம்" என்றீர்கள். அப்புறம் அந்தச் சொல்லைச் சொன்னீர்கள்: கேன்லோன். மூன்று வருடம் தினமும் அந்தப் படத்தைத் துடைத்து வைத்தவள் நான். தொப்பியை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

கேன்லோன் என்றால் கனடா கொடுத்த இரவல். தமிழில் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்குச் சுளகு இரவல் கொடுப்பதுபோல ஒரு நாடு தன் பிள்ளைகளை இன்னொரு நாட்டின் படைக்குக் கொடுத்திருக்கிறது. ஐயா அன்று சொன்னதையும் பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஜப்பான் போரில் இறங்கியதும் பசிபிக் கரையைக் காக்க வேண்டும் என்று கனடா உள்நாட்டிலேயே புதிய படைப்பிரிவுகளை உண்டாக்கியது. 1943-இல் அந்தப் பயம் குறைந்துவிட, இரண்டு பிரிவுகளைக் கலைத்தார்கள். இளம் அதிகாரிகள் நிறையப் பேர் வேலையில்லாமல் மிஞ்சினார்கள். பிரிட்டனுக்கோ நேர்மாறான நிலை. நாலு வருடச் சண்டைக்குப் பிறகு, 30 பேர் கொண்ட பிளாட்டூனை முன்னால் நின்று நடத்துகிற லெப்டினன்டுகள் போதவில்லை. பிரான்ஸில் இறங்கும் நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அதனால் கேட்டார்கள், கொடுத்தார்கள்.

யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தாமாகக் கை தூக்கியவர்கள் மட்டும்தான். 673 பேர். அதில் 623 பேர் காலாட்படை, 50 பேர் தளவாடப் பிரிவு. ஏழு லெப்டினன்டுக்கு ஒரு கேப்டன் என்று கணக்கு வைத்தார்கள். நியூ பிரன்ஸ்விக்கில் சசெக்ஸ் என்ற ஊரில் முகாம் போட்டு, பிரிகேடியர் மில்டன் கிரெக் அவர்களைத் தயார்படுத்தினார். அவர் முதல் உலகப் போரில் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். 1944 வசந்தகாலத்திலிருந்து கப்பல் கப்பலாக அனுப்பினார்கள். சம்பளம் கனடா கொடுத்தது, கட்டளை பிரிட்டன் கொடுத்தது. தோளில் கனடா, தொப்பியில் பிரிட்டிஷ் ரெஜிமென்ட். ஆளுக்கொரு தனி எண், முன்னால் சி.டி.என். என்ற எழுத்துகள்.

அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் இறந்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது சிறைப்பட்டார்கள். உயிரே போனவர்கள் 120-க்கும் மேல். 40-க்கும் மேற்பட்டவர்களுக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீர விருது கிடைத்தது. செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்னெம் பாலத்துக்காக வானத்திலிருந்து குதித்தவர்களோடும் இவர்கள் இருந்தார்கள். வினிப்பெக்கின் முன்னாள் எம்.பி. ஏ. ஏ. ஹீப்ஸின் மகன் லியோ ஹீப்ஸ் அங்கே பிடிபட்டு, தப்பி, டச்சுத் தலைமறைவுக்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தவர். வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று விளங்கியது. இவர்கள் போய்ச் சேர்ந்தது தங்களுக்குத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத படைக்கு. ஒரு பட்டாலியனில் கனடாக்காரர் ஒருசிலர்தான். இறந்தபோதும் அப்படித்தான், பெரும்பாலும் கூட நின்றவர்களோடு பிரிட்டிஷ் கல்லறைத் தோட்டங்களிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அம்மா இரண்டு நாள் நடந்து தேடியது சரியான ஊர்ப்பக்கத்தில்தான், தோட்டம்தான் வேறு.

நூலகத்துப் பிள்ளைக்கு அடுத்த நன்றி. அண்ணனுடைய பெயர் மிகவும் பொதுவான பெயர். இறந்தவர் பட்டியலில் அதே பெயரில் ஒரு கூட்டமே வந்து நின்றது. அம்மாவின் மகள் பழைய பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்துத் தந்த ஒரேயொரு கடித உறை உன் மேசையில் இருந்தது. உறையின் மூலையில் பென்சிலில் சி.டி.என். என்று தொடங்கி மூன்று இலக்கம். அதை நான் ஏதோ தபால் குறிப்பு என்று நினைத்திருந்தேன். நீதான் இது அந்த ஆளின் எண்ணாக இருக்கும் என்று பிடித்தாய். போரில் இறந்த 44,000-க்கும் மேற்பட்ட கனடாக்காரரின் கோப்புகளை ஒட்டாவா ஆவணக் காப்பகம் எல்லோரும் பார்க்கலாம் என்று திறந்து வைத்திருக்கிறது. உன் மதிய உணவு நேரத்தைக் கொடுத்து நீ அந்தக் கோப்பை எடுத்துத் தந்தாய்.

அந்தக் கோப்பில் ஒரு படிவம் இருந்தது. இறந்தவரின் நெருங்கிய உறவுகள் யார் யார் என்று வீட்டார் எழுதி அனுப்ப வேண்டிய படிவம். அண்ணனின் அப்பா மையில் எழுதியிருந்தார். மனைவி என்ற இடத்தில் ஒரு கோடு. பிள்ளைகள் என்ற இடத்தில் ஒரு கோடு. சகோதரிகள் என்ற இடத்தில் அந்த அம்மாவின் முழுப் பெயரும் வயது 9 என்றும் இருந்தது. அந்த ஒன்பது மட்டும் ஒருமுறை பிழையாக எழுதி வெட்டித் திருத்தியிருந்தது. கை நடுங்கியிருக்க வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். "அப்பாவின் ஒன்பது இப்படித்தான் இருக்கும், வால் நீளமாக" என்றார்.

கோப்பின் முடிவில் இடம் எழுதியிருந்தது. ஓத்தோ-லே-பாக். பாயோ நகரத்துக்குத் தென்கிழக்கே ஒரு சின்ன ஊர். அந்தக் கோடையில் வேலி வேலியாகச் சண்டை நடந்த இடம்.

பாரிஸில் இருக்கும் தம்பி, உனக்கு நான் என்ன சொல்லட்டும்? சனிக்கிழமை இரவு ரெஸ்டோரன்ட் வேலை முடிய ஒரு மணி. நான்கு மணி நேரம்கூடத் தூங்காமல், சிநேகிதன் கொடுத்த காரில் மூன்று மணி நேரம் ஓடிப் போயிருக்கிறாய். பெரியம்மா யாருக்காகக் கேட்கிறா, உனக்கு என்ன உறவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வரிசை எண் மட்டும் கேட்டாய். வெயில் நேரே அடித்ததால் கல்லில் வெட்டிய எழுத்து படத்தில் தெரியவில்லை. தோட்ட வேலை செய்த ஐயா ஒருவர் போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து கல்லை நனைத்துத் தந்தார் என்று சொன்னாய். அவருக்குத் தமிழும் தெரியாது, இந்த மடலும் போய்ச் சேராது. அடுத்த முறை பார்த்தால் அவரிடம் என் நன்றியைச் சொல். என் ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்டைத் தான் எடுத்துக்கொண்டு, உன் அழைப்பு வந்த நேரத்தில் என்னை அம்மாவின் பக்கத்தில் உட்காரவைத்த என் கூட்டாளிக்கும் இங்கேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

வீடியோவில் நீ கமராவை மெதுவாக நகர்த்தினாய். வெள்ளைக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிரிட்டிஷ் ரெஜிமென்டின் சின்னம். நடுவில் ஒரு கல்லில் மட்டும் மேப்பிள் இலை. அம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பெயர், லெப்டினன்ட், தேதி, வயது 22. கல்லின் அடியில், குடும்பத்தார் எழுதித் தந்தால் வெட்டிக் கொடுக்கும் வரி. அவருடைய அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார், மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மா, அப்பா என்ற சொற்களுக்குப் பக்கத்தில், வீட்டில் மட்டும் கூப்பிடும் அந்த அம்மாவின் செல்லப்பெயர். கூப்பிட இப்போது யாருமே மிஞ்சாத பெயர். அது 70 வருடத்துக்கும் மேலாக பிரான்ஸில் ஒரு கல்லில் இருந்திருக்கிறது.

விரலால் அதைத் தொடப் போனார். அழைப்புத் திரை விலகிவிட்டது. நான் திருப்பிக் கொண்டுவந்தேன். மறுபடி தொட்டார், மறுபடி விலகியது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். நீயும் அசையாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாய், தம்பி. பதினைந்து நிமிடம் இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒன்றுதான். இரண்டு பக்கத்திலும் இருப்பது யார்? நீ நகர்ந்துபோய் வாசித்துக் காட்டினாய். ஒருவருக்கு 19 வயது, மற்றவருக்கு 24. அண்ணனின் படத்துக்குப் பின்னால் அந்த இரண்டு பெயரையும் எழுதித் தரச் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன். காலையில் தலை வாரும்போது இப்போது மூன்று பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

அடுத்த முறை அங்கே போகும்போது மூன்று பூங்கொத்து வாங்கிக்கொள், தம்பி. காசை அந்த அம்மா ஒரு உறையில் போட்டு என்னிடம் தந்துவிட்டார்.

அன்புடன்,
பெரியம்மா
ஸ்காபரோ