ஒரு படத்துக்கு மட்டும் வாக்கு என்றால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற டிசம்பரில் உங்கள் நாளிதழின் இணையப் பக்கத்தில் ‘2024-ன் சிறந்த தமிழ்ப் படம் எது?’ என்று வாசகர்களைக் கேட்டிருந்தீர்கள். பத்துப் படங்களின் பெயர் இருந்தது. ஒன்றைத் தொட்டால் வாக்கு பதிவாகிவிடும். நானும் தொட்டேன், ‘வாழை’க்கு. இந்த ஆண்டும் அதே மாதிரி கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அதற்கு முன்பே சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், நான் ஏன் ‘வாழை’க்குப் போட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் தாமிரபரணிப் பாசனம். வாழைதான் பெரிய வெள்ளாமை. முப்பத்தொரு வருடம் இங்கே கணக்கு வாத்தியாரம்மாவாக இருந்திருக்கிறேன். சனி, ஞாயிறு தார் சுமக்கப் போய்விட்டு, திங்கட்கிழமை கழுத்தைத் திருப்ப முடியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்த பையன்களை எனக்குத் தெரியும். சட்டையில் வாழைக் கறை இருக்கும், எத்தனை துவைத்தாலும் போகாது. இயக்குநர் மாரி செல்வராஜ் தன் சிறுவயதிலிருந்து எடுத்த அந்தப் படத்தைத் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். இடைவேளையில் வெளியே வரவில்லை. வீட்டுப்பாடம் எழுதாததற்கு நான் வெளியே நிற்க வைத்த பையன்களின் முகமெல்லாம் வரிசையாக வந்தது.

ஆகவே என் வாக்கு எனக்குப் பெரிய விஷயம். அதை ஒழுங்காக வாங்க வேண்டும், ஒழுங்காக எண்ண வேண்டும் என்று கேட்கிறேன்.

நீங்கள் முடிவை வெளியிட்ட அன்று மதியம் என் தங்கை மகன் வீட்டுக்கு வந்திருந்தான். தன் போனில் ஒரு வாக்கு, அவன் அம்மா போனில் ஒன்று, அப்பா போனில் ஒன்று, அப்புறம் பிரவுசரை மாற்றி மாற்றி இன்னும் எத்தனையோ போட்டதாகச் சந்தோஷமாகச் சொன்னான். அவனுக்குப் பிடித்த நடிகரின் ரசிகர் குழுவில் லிங்க்கைப் போட்டு எல்லோரையும் குத்தச் சொல்லியிருந்தார்களாம். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிடித்த நடிகர் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு பையன் நினைப்பதில் என்ன தப்பு? ஆனால் நான் ஏழு தேர்தல்களில் வாக்குச்சாவடிப் பணி பார்த்தவள். விரலில் மை வைக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு வாக்கு என்பதற்காக விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ராத்திரி பத்து மணிவரை நாங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஒரு போன் எண்ணுக்கு ஓடிபி அனுப்பி ஒரு வாக்கு மட்டும் வாங்குவது இன்றைக்கு ஒன்றும் கஷ்டமான காரியம் இல்லையே.

அதைவிட முக்கியமானது வாக்கு போடும் முறை. எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. கூட வேலை பார்த்த ஆசிரியர்கள், பழைய மாணவர்கள் என்று 24 பேர். ஒவ்வொரு பொங்கலுக்கும் போன வருடத்துப் படங்களுக்கு வாக்கெடுப்பு நடத்துவோம். எண்ணுவது என் வேலை. 2024 படங்களுக்கு இரண்டு விதமாக எண்ணிப் பார்த்தேன். ஆளுக்கு ஒரே ஒரு படம் என்று எடுத்துக்கொண்டால் ‘அமரன்’ 9 வாக்கு வாங்கி முதலிடம். சரி, 9 பேருக்குப் பிடித்தது. மீதி 15 பேர் வேறு வேறு படங்களைச் சொல்லியிருந்தார்கள். ‘லப்பர் பந்து’க்கு 4 வாக்குதான்.

ஆனால் ஆளுக்கு ஐந்து படங்களை வரிசைப்படுத்தித் தரும்படி முன்பே கேட்டிருந்தேன். முதலிடத்துக்கு 5 மதிப்பெண், இரண்டாவதற்கு 4, அப்படியே ஐந்தாவதற்கு 1. கூட்டிப் பார்த்தால் ‘லப்பர் பந்து’ 82, ‘அமரன்’ 55. ஏன் என்றால் 24 பேரில் 21 பேரின் பட்டியலில் ‘லப்பர் பந்து’ இருந்தது, அதில் 11 பேருக்கு இரண்டாவது இடத்தில். அநேகமாக எல்லோருக்கும் பிடித்த படம் அது. ஆனால் ‘ஒன்றை மட்டும் சொல்’ என்றதும் காணாமல் போய்விட்டது. ‘அமரன்’ நல்ல படம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 9 பேரும் அழுதுகொண்டே பார்த்தவர்கள். நாம் கேட்கிற கேள்வி மாறினால் வருகிற பதிலும் மாறுகிறது என்பதை உங்களுக்குக் காட்டத்தான் இந்தக் கணக்கு.

விருப்ப வரிசை நமக்குப் புதிதும் இல்லை. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் 1, 2, 3 என்றுதான் எழுதுகிறார்கள். 1969-ல் முதல் விருப்ப வாக்குகளில் யாருக்கும் தேவையான அளவு கிடைக்காமல், அடுத்த விருப்பங்களையும் எண்ணித்தான் வி.வி.கிரி வெற்றி பெற்றார். ஆஸ்கரிலும் சிறந்த படத்துக்கு 2010 விழாவிலிருந்து வரிசைப்படுத்தித்தான் வாக்களிக்கிறார்கள். அவர்கள் எண்ணும் முறை என்னுடைய மதிப்பெண் முறை அல்ல. கடைசியில் இருக்கும் படத்தை நீக்கி, அதற்கு விழுந்த வாக்குகளை அந்தச் சீட்டுகளில் இருக்கும் அடுத்த படத்துக்குக் கொடுத்துக்கொண்டே போவார்கள், ஒரு படம் பாதிக்கு மேல் வாங்கும்வரை. எந்த முறையை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஒரே தொடலோடு முடிக்காதீர்கள்.

அடுத்து நான் சொல்லப்போவதுதான் மனசை ரொம்ப உறுத்துகிறது. உங்கள் பத்தில் ‘கொட்டுக்காளி’ இல்லை. ‘ஜமா’வும் இல்லை. தெருக்கூத்தில் பெண் வேடம் கட்டுகிறவரைப் பற்றிய ‘ஜமா’ எத்தனை ஊர்களுக்குப் போனது என்று நினைக்கிறீர்கள்? ‘கொட்டுக்காளி’ ‘வாழை’ வந்த அதே நாளில், 2024 ஆகஸ்ட் 23-ல் வந்தது. நான் ‘வாழை’யைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் இதைப் பார்க்கலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் போனால் படம் இல்லை. அப்புறம் ஓடிடியில்தான் பார்த்தேன்.

பின்னணி இசையே கிடையாது அந்தப் படத்தில். ஷேர் ஆட்டோ ஓடும் சத்தம், பெண்கள் பேசுவது, காலைக் கட்டிப்போட்ட சேவல். கதாநாயகி மீனா அநேகமாக வாயைத் திறப்பதே இல்லை. மீனாவாக நடித்த அன்னா பென் கண்ணாலேயே முழுப் படத்தையும் தூக்கிக்கொண்டு போகிறார். முடிவையும் இயக்குநர் பி.எஸ்.வினோத்ராஜ் நம்மிடமே விட்டுவிடுகிறார். பார்த்து முடித்து விளக்கைப் போடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் குழுவில் அப்போது அதைப் பார்த்திருந்தவர்கள் 5 பேர்தான். அந்த ஐந்து பேரின் பட்டியலிலும் அது இருந்தது. மொத்தக் கூட்டலில் அது மேலே வரவே முடியாது, பார்த்தவர்களே ஐந்து பேர் என்றால் எப்படி வரும்? அதனால் ஒவ்வொருவரையும் எந்தெந்தப் படம் பார்த்தீர்கள் என்றும் குறிக்கச் சொன்னேன். குறைவான பேர் பார்த்து, பார்த்த எல்லோருக்கும் பிடித்த படங்களைத் தனியாக ஒரு பட்டியல் போட்டேன். அதில் ‘கொட்டுக்காளி’ முதலில் நின்றது. பொங்கல் லீவு முடிவதற்குள் இன்னும் 11 பேர் அதைப் பார்த்துவிட்டார்கள். குழுவில் இரண்டு நாள் சண்டை, அந்தச் சேவலைப் பற்றி. இதைவிட ஒரு வாக்கெடுப்பால் ஆகக்கூடிய நல்ல காரியம் எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்கர் அகாடமிகூட 2025-ல் ஒரு விதி கொண்டுவந்தது. ஒரு பிரிவில் போட்டியிடும் எல்லாப் படங்களையும் பார்த்தவர்கள்தான் அந்தப் பிரிவின் இறுதிச் சுற்றில் வாக்களிக்கலாம். வாசகர்களிடம் அவ்வளவு கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. ஆனால் ‘பார்த்தேன்’ என்று ஒரு கட்டம் வைக்கலாம். பட்டியலில் இல்லாத படத்தை எழுத ஒரு காலி இடமும் விடலாம்.

கடைசியாகத் தேதி. நீங்கள் டிசம்பர் 22-ம் தேதியே வாக்கை முடித்துவிட்டீர்கள். ‘விடுதலை’ இரண்டாம் பாகம் 20-ம் தேதிதான் வந்தது. அது 2024 படமா, 2025 படமா? எந்தக் கணக்கிலும் வராமல் போய்விட்டது. தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய தேதியைப் பார்க்கிறார்கள். வாசகர்களுக்கு அது தெரியாது, திரைக்கு வந்த தேதிதான் தெரியும். வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’ 2021-ல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது, இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் போனது, ஆனால் நாம் வீட்டில் பார்க்க 2023 ஆகிவிட்டது. இந்த மாதிரிப் படங்களை எந்த வருடத்தில் வைப்பீர்கள் என்று முதலிலேயே இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள். வாக்கைப் பொங்கல் கழித்து, ஜனவரி கடைசியில் முடியுங்கள். டிசம்பரில் வந்த படங்கள் அதற்குள் பெரும்பாலும் ஓடிடிக்கும் வந்துவிடும். எங்களைப் போல் பஸ் ஏறிப் போக வேண்டிய ஊர்க்காரர்களும் பார்த்துவிட்டு வாக்களிப்போம்.

எண்ணுவதற்கு ஆள் குறைவு என்று சொன்னால் நான் வருகிறேன். எக்ஸெல்லில் எப்படிப் போடுவது என்று என் மாணவன் ஒருவன் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். எங்கள் குழுவின் தாளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர்களை மட்டும் அழித்திருக்கிறேன், ரகசிய வாக்கெடுப்பு அல்லவா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
ஸ்ரீவைகுண்டம்.