கட்டியக்காரன் கேட்கிற கேள்வி

காட்பாடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனில் சொன்னது மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கேம் கம்பெனியில் இருந்தபோது, பெர்லினில் ரயிலில் பக்கத்து சீட்டுப் பையன் நீ செய்த விளையாட்டை ஆடுவதைப் பார்த்துப் பூரித்துப் போனாய். இப்போது புரோகிராமர்களுக்குக் கருவி செய்யும் இடத்துக்கு மாறிய பிறகு, செய்வது யார் கண்ணிலும் படுவதில்லை, கைதட்ட ஆளில்லை என்கிறாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. எழுதினால்தான் எனக்கு வரும், உனக்குத் தெரியாததா.

போன மாதம் நடந்த ஒன்றை உன்னிடம் மறைத்துவிட்டோம். அம்மாதான் சொல்ல வேண்டாம் என்றாள்.

கொல்கத்தா பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், வீட்டுப் பெரியவரை வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் காட்ட வந்தார்கள். விடிகாலை 3.40க்கு காட்பாடியில் ரயில். ஸ்டேஷனுக்கு வண்டி, பாபு ராவ் தெருவில் லாட்ஜ் எல்லாம் நம் ஆப்பில் போட்டதுதான். இறங்கிப் பார்த்தால் வண்டி இல்லை. மாசிப் பனியில் பெரியவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வாசலில் நின்றிருக்கிறார்கள். என் போனை நான் எடுத்தது ஐந்து மணிக்கு. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெரியவர் எனக்கே ஆறுதல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

நம் டிரைவர் மேல் தப்பே இல்லை. அவர் முந்தின நாள் விடிகாலையே 3.40க்குப் போய் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு, 'பயணி வரவில்லை' என்று பட்டனைத் தட்டிவிட்டு வந்திருக்கிறார். நம் சர்வர் எல்லா நேரத்தையும் உலகப் பொது நேரத்தில்தான் வைத்திருக்கும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்குப் பதினாலாம் தேதி விடிகாலை 3.40 என்றால், அங்கே பதின்மூன்றாம் தேதி இரவு 10.10. டிரைவர் பட்டியல் நேரத்தை மட்டும் நம் நேரமாக மாற்றிவிட்டு, தேதியை அப்படியே விட்டிருக்கிறது. நள்ளிரவிலிருந்து காலை ஐந்தரைக்குள் வரும் ரயில்களுக்கு மட்டும்தான் இந்தக் கோளாறு. பகலில் எல்லாம் ஒழுங்காக ஓடியதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இதைக் கண்டுபிடித்தது நம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பையன். தீபாவளிச் சமயத்தில் சரியாக இருந்தது, இப்போது தப்பு. நடுவில் புரோகிராமில் சுமார் நானூறு மாற்றங்கள். நான் ஒவ்வொன்றாகப் படிக்க உட்கார்ந்தேன். அவன் சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் 'கிட் பைசெக்ட்' என்று அடித்தான். சரியாக நடுவில் இருக்கும் மாற்றத்தை எடுத்து, அதில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது. இருந்தால் முதல் பாதியில் தேட வேண்டும், இல்லாவிட்டால் பின் பாதியில். அப்படியே பாதி பாதியாக அரிந்துகொண்டே போய், ஒன்பதாவது தடவையில் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. ஆள் யார் தெரியுமா? நான்தான். ஒரு ராத்திரி தூக்கக் கலக்கத்தில் போட்ட இரண்டு வரி. கீழே என் பெயர், தேதி, நேரம், எல்லாம் இருக்கிறது.

லினக்ஸ் என்ற இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் அந்த கிட்டைத் தொடங்கியதே, லினக்ஸ் வேலைக்கு அவர்கள் வைத்திருந்த வேறொரு கருவி இலவசமாகக் கிடைக்காமல் போனதால்தான். சில நாட்களிலேயே அதன் முதல் வடிவம் வந்துவிட்டது. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் ஒரு பெரியவர் பனியில் காத்துக் கிடந்ததற்குக் காரணம் கண்டுபிடிக்க அது உதவும் என்று அப்போது அவர் நினைத்திருப்பாரா? அந்தக் குடும்பத்துக்கும் இது தெரியப்போவதில்லை. ஆனால் அப்புறம் வந்த எந்தக் குடும்பமும் அப்படி நிற்கவில்லை.

உனக்கு ஆயா ஊர்க் கூத்து ஞாபகம் இருக்கிறதா? செய்யாறு பக்கம், திரௌபதி அம்மன் கோயில் மைதானம். துரியோதனன் வேஷக்காரர் மரக்கட்டை அணிகளை எல்லாம் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்பார். நீ அவரைப் பார்க்கத்தான் விழித்திருப்பாய். எனக்கு, கூத்தை நடத்திக்கொண்டு போகும் கட்டியக்காரன்தான் பிடிக்கும். வந்தவன் ராஜாவே ஆனாலும், நீ யார், எந்த தேசம், எதற்கு வந்தாய் என்று கேட்டு வாயைத் திறக்க வைக்காமல் விடமாட்டான். நடுநடுவே கேலியும் பண்ணுவான், அதனால்தான் சனம் விடிய விடியத் தூங்காமல் உட்கார்ந்திருக்கும். கேம் கம்பெனி வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நம் பௌர்ணமி பஸ்ஸிலிருந்து டிவியைக் கழற்றினேன் இல்லையா, அவரவர் போன் இருக்கிறதே என்று? கண்ணமங்கலம், போளூர் தாண்டித் திருவண்ணாமலை போய்ச் சேரும்வரை வண்டிக்குள் ஒரு சத்தம் இல்லை. 'எனக்குத் தூக்கம் வருது சார்' என்றார் டிரைவர். மறுமாதமே பாட்டு வந்துவிட்டது.

நம் ஆப்பில் இல்லாமல் போனது அந்தக் கட்டியக்காரன்தான். டிரைவர் 'பயணி வரவில்லை' என்று தட்டிய உடனே, டிக்கெட் எந்தத் தேதிக்கு, நீ எந்தத் தேதியில் நிற்கிறாய் என்று அது கேட்டிருக்க வேண்டும். 'பதிவு வெற்றி' என்று பச்சையில் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது. இப்போது கேட்க வைத்திருக்கிறோம். நீ செய்யும் கருவியிலும் தப்பு நடந்தால் 'ஏதோ பிழை' என்று மட்டும் போடாதே, கண்ணு. எந்த இடம், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று சொல்ல வை. ராத்திரி இரண்டு மணிக்கு என்னை மாதிரி ஒரு கிழவன் அதைப் படித்துக்கொண்டிருப்பான்.

பெயர் விஷயம் சிரிப்பாக இருந்தது. இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டதால், அங்கே ஆபீசில் எல்லோரும் உன்னை என் பெயர் சொல்லியா கூப்பிடுகிறார்கள்? விமான டிக்கெட் போடும்போது நம் ஊர்க்காரர் பாதிப் பேருக்கு இந்தக் கதைதான். அம்மாவிடம் சொன்னேன், அவளுக்கு ஏக சந்தோஷம்.

சித்திரையில் ஆயா ஊரில் கூத்து வைக்கிறார்கள். வருவதாக இருந்தால் சீக்கிரம் டிக்கெட் போடு. மார்ச் கடைசியில் உங்கள் ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், நாலரை மணி வித்தியாசம் மூன்றரை ஆகிவிடும். அதனால் சென்னையில் இறங்கும் நேரத்தை எழுதும்போது, தேதியோடு, எந்த ஊர் நேரம் என்பதையும் எழுது. வண்டியை நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உன்
நைனா