காய்கறியின் பெயரால் விற்கப்படும் மாத்திரைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில், கிரீன் டீ முதல் நெல்லிக்காய்ப் பொடி வரை எதைப் பற்றி எழுதினாலும் ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’ என்ற சொல்லே நற்சான்றாக வைக்கப்படுகிறது. அச்சொல் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஒரு வேதிப்பண்பைக் குறிக்கிறதே தவிர, நோயைத் தடுக்கும் ஆற்றலை அன்று என்பதை, நெடுங்காலம் வேதியியல் கற்பித்தவன் என்ற முறையில் தெரிவிக்க விரும்புகிறேன்.

தேயிலையிலுள்ள கேட்டிசின், கத்தரிக்காய்த் தோலுக்கு ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின், மஞ்சளிலுள்ள குர்குமின் ஆகியவை சோதனைக் குழாயில் ஃப்ரீ ராடிக்கல்களை, அதாவது செல்களைத் தாக்கக்கூடிய நிலையற்ற மூலக்கூறுகளை, அடக்குவது உண்மையே. ஆனால் நாம் உண்ணும்போது அவற்றில் சிறு பகுதியே குடலில் உறிஞ்சப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் வேறு சேர்மங்களாக மாற்றப்பட்டு விரைவில் வெளியேறிவிடுகிறது. சோதனைக் குழாய் அளவீடுகளைக் கொண்டு உணவுகளைத் தரவரிசைப்படுத்த உதவிய ‘ஓராக்’ பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012-இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கிவிட்டது.

இதைவிட முக்கியமானது, கேரட்டுக்கு ஆரஞ்சு நிறம் தரும் பீட்டா கரோட்டினின் வரலாறு. காய்கறிகளை அதிகம் உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருவதைக் கண்ட ஆய்வாளர்கள், அதற்கு இந்த நிறமியே காரணமாக இருக்கலாம் என்று கருதினர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வில், நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடையே அப்புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியது. அம்முடிவு 1994-இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டினுடன் வைட்டமின் ஏ-யும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வும் இதே போன்ற முடிவு கண்டு 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

ஆயினும் என் நண்பர் ஒருவர் பீடியை விடாமல், பீட்டா கரோட்டின் சேர்ந்த மாத்திரையை நம்பிக்கையோடு விழுங்கி வருகிறார் என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. அவருக்கு அந்த நம்பிக்கையைத் தந்தது இத்தகைய கட்டுரைகள்தாம்.

முருங்கைக்கீரையையோ தக்காளியையோ நான் குறைத்துக் கூறவில்லை. அவற்றில் நார்ச்சத்தும் ஃபோலேட்டும் நூற்றுக்கணக்கான பிற சேர்மங்களும் கலந்தே இருக்கின்றன. எண்ணெய் விட்டு வதக்கும் தக்காளித் தொக்கில் லைக்கோபீன் என்னும் சிவப்பு நிறமி உடலில் சேர்வது சமைக்காத தக்காளியைவிட எளிது. இப்படிக் கலந்திருக்கும் சேர்மங்களிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து மிகுந்த அளவில் கொடுத்தால், அது உணவாக இருப்பதில்லை.

எனவே இனி இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, ஆய்வு நடந்தது சோதனைக் குழாயிலா, எலியிடமா, மனிதரிடமா என்பதையும், கொடுக்கப்பட்டது உணவா மாத்திரையா என்பதையும் முதல் பத்தியிலேயே குறிப்பிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
மதுரை.