பாக்கெட்டுக்குள்ள இருக்கறது உசுருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நுண்ணுயிர் உரம் போட்டா மகசூல் கூடும்னு உங்க விவசாயப் பக்கத்துல வந்த கட்டுரை படிச்சேன், சொன்னதெல்லாம் சரிதான், ஆனா முக்கியமான ஒண்ண விட்டுட்டீங்க. அது யூரியா மாதிரி ரசாயன உரம் கெடயாது, உசுரோட இருக்கற பாக்டீரியா. வழியிலயே செத்துப்போச்சுன்னா நாம வயல்ல போடறது வெறும் கருப்புத் தூள்தான். இத ஒரு வரி எழுதியிருந்தா என்ன மாதிரி நாலு பேர் தப்பிச்சிருப்பாங்க.

நான் பண்ண கூத்தச் சொல்றேன். தட்டைப்பயறுக்குன்னு ரைசோபியம் (பயறு வேர்ல குட்டிக் குட்டி முடிச்சுக்குள்ள குடியிருந்து தழைச்சத்து குடுக்கற பாக்டீரியா) வாங்கிட்டு வந்தேன், பை வண்டியிலயே வெயில்ல ரெண்டு மணி நேரம் கிடந்துச்சு, கண்டுக்கல. அப்புறம் விதை நேர்த்தி பண்றப்ப எதுக்கும் இருக்கட்டுமேன்னு பூஞ்சாணக்கொல்லியையும் அதோடயே சேத்துக் கலக்கிட்டேன். நாப்பது நாள் கழிச்சு ரெண்டு செடிய எடுத்துப் பாத்தேன் (தோண்டித்தான் எடுக்கணும், வெடுக்குனு புடுங்குனா முடிச்செல்லாம் அறுந்து மண்ணுலயே நின்னுரும்). வேர்ல அங்கங்க மிளகு சைஸ்ல முடிச்சு இருந்துச்சு, பரவால்ல புடிச்சிருச்சுன்னு நெனச்சு ஒண்ண நகத்தால கீறிப் பாத்தா உள்ள வெளுத்துப்போய் கெடக்கு, இன்னொண்ணு பச்சை. வேலை செய்யற முடிச்சு உள்ள நல்லா ரோஸ் கலர்ல இருக்கணும். நான் போட்டது செத்துப்போய், மண்ணுல முன்னாடியே இருந்த ஏதோ சோம்பேறி ரகம் வந்து குடியேறியிருக்கணும், வேற என்ன.

அந்த ரோஸ் கலருக்குப் பேரு லெக்ஹீமோகுளோபின், நம்ம ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபினுக்கு ஒண்ணுவிட்ட தம்பி முறை. காத்துல 78 சதவீதம் நைட்ரஜன்தான் ஆனா செடியால அத நேரா எடுத்துக்க முடியாது, ரைசோபியம்தான் நைட்ரஜனேஸ்ங்கற என்சைமை வச்சு அத தழைச்சத்தா மாத்திக் குடுக்குது. அந்த என்சைமுக்கு ஆக்சிஜன் பட்டா ஆகாது, பாக்டீரியாவுக்கோ மூச்சு விட ஆக்சிஜன் வேணும், அதனால இந்த ரோஸ் சரக்கு ஆக்சிஜன புடிச்சு வச்சுக்கிட்டு அளந்து அளந்து குடுக்குது. 1888லயே பெய்ஜெரிங்க்னு ஒரு டச்சு விஞ்ஞானி இந்த பாக்டீரியாவ முடிச்சுல இருந்து தனியா பிரிச்சு எடுத்துட்டாரு, நாம இன்னும் பாக்கெட்ட வெயில்ல வச்சிட்டு இருக்கோம்.

இன்னொரு தப்பு, செடி வெளிறுதேன்னு பயந்து யூரியாவ அள்ளி விடறது. மண்ணுல தழைச்சத்து தாராளமா இருந்தா செடி முடிச்சு வைக்கறதையே கொறச்சுக்கும். சும்மா கெடைக்கும்போது பாக்டீரியாவுக்கு சர்க்கரை ஊட்டி வளக்க அதுக்கென்ன தலையெழுத்தா?

கட்டுரைல எல்லாப் பயிருக்கும் ஒரே சரக்குங்கற மாதிரி இருந்துச்சு, அதுவும் சரியில்ல. சோயாவுக்கு ஒரு ரகம், கொண்டைக்கடலைக்கு வேற ரகம், மாத்திப் போட்டா முடிச்சே வைக்காது. நெல்லு சோளத்துக்கெல்லாம் அசோஸ்பைரில்லம்னு வேற பாக்டீரியா, அது முடிச்சு வைக்காது, கொஞ்சம் தழைச்சத்து குடுக்கும், அதவிட ஆக்சின்ங்கற வளர்ச்சி ஹார்மோன சுரந்து வேர்த்தூவிய அடர்த்தியாக்கறதுதான் பெரிய வேலை. பாஸ்போபாக்டீரியாங்கறது அமிலம் சுரந்து மண்ணுல பூட்டிக் கெடக்கற மணிச்சத்த (பாஸ்பரஸ்) கரைச்சு விடும். அது சாவி மாதிரி, பீரோவே காலின்னா சாவி என்னத்த பண்ணும், அதனால மண் பரிசோதனை பண்ணிட்டு வாங்குங்க.

காலாவதி தேதிய பாத்து வாங்கி, நெழல்ல வச்சு, விதைல கலந்து நெழல்லயே அரைமணி நேரம் உலத்தி, அன்னிக்கே ஈர மண்ணுல விதைச்சிடணும். ரசாயன மருந்தோட ஒண்ணாக் கலக்கவே கூடாது. காய்ஞ்ச மண்ணுல, தொழு உரம் காணாத மண்ணுல நாம போடற பாக்டீரியா பெரும்பாலும் ரொம்ப நாள் தாங்காது.

அடுத்த தடவை இதப் பத்தி எழுதறப்ப காய் தொங்கற போட்டோவுக்குப் பதிலா கீறின முடிச்சு போட்டோ ஒண்ணு போடுங்க சார், கலர்ல போடுங்க, கருப்பு வெள்ளைல போட்டா ரோஸ் எது வெள்ளை எதுன்னு தெரியாது.

இப்படிக்கு,
பயறு போட்டு ஏமாந்த ஒரு வாசகன்